குறிப்பு: நாற்பது எழுத்துக்குள்

வடக்கு செயின்ட் லூயிஸ், கார்வின் தெரு.
ஜூலை.
வீட்டுக்கு மூன்று டாலர் எழுபது எனக்குக் கூலி.
வீடு இல்லாவிட்டாலும் அதே கூலி.

படிவத்தில்
ஒன்று என்றால் நல்ல நிலை,
ஐந்து என்றால் இடிக்கலாம்,
பூஜ்யம் என்றால் காலி மனை.
பதினோரு மணிக்குள் பத்தொன்பது பூஜ்யம்.
பல் பிடுங்கிய வாயாகத் தெரு
வெயிலைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

இருபதாவதைப் போடும்போது
புல்வெட்டும் இயந்திரம் ஒன்று நின்றது.
“என்ன எழுதுகிறாய்?”
“காலி என்று.”
“யார் சொன்னது?”

வெர்லீன் டகிள். ஐம்பத்திரண்டு வயது.
இரவெல்லாம் நகரப் பேருந்து ஓட்டிவிட்டுத்
தூங்க வேண்டிய நேரத்தில் புல் வெட்டுகிறாள்.
அவள் வீடு எதிர்ச்சாரியில்.
இந்த மனை ஹாஸ்கின்ஸ் குடும்பத்துடையது;
அல்லது வங்கியுடையது;
அல்லது யாருடையது என்று
நகராட்சி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.
பன்னிரண்டு கோடையாக
பெட்ரோல் மட்டும் அவளுடையது.

“விட்டால் இடுப்பளவு வளரும்.
பிறகு என் வீட்டுக்கும் ஐந்து போடுவீர்கள்.”

பதினான்காவது கேள்வி இனம்.
வாய் வராமல் படிவத்தைப் பார்த்தேன்.
“என்னைப் பார்த்தே எழுதிக்கொள்.
அப்பா கடன் கேட்டுப் போனபோது
வங்கியில் அப்படித்தான் எழுதினார்கள்.”

என் பையில் அந்தக் காலத்துக் கடன் வரைபடத்தின் நகல்.
கார்வின் தெரு அதில் சிவப்பு.
பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட்
அதன்மேல் இன்றைய வெப்பத்தை வைப்பார்,
ஆஸ்துமாவை வைப்பார், காலி மனைகளை வைப்பார்.
நிறங்கள் பொருந்தும்.
நாங்கள் குறிப்பெடுத்துக்கொள்வோம்.
குளிரூட்டிய அறை அது.

ஹாஸ்கின்ஸ் வீடு எப்படிப் போனது என்று கேட்டேன்.
படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

“செங்கலுக்காக.
ஆளில்லாத வீட்டுக்கு ராத்திரி தீ வைப்பார்கள்.
தீயணைப்புக்கு அவர்களே போன் செய்வார்கள்.”
பிள்ளையையும் கிள்ளித்
தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள்.
“குழாய்த் தண்ணீர் அடிக்கிற வேகத்தில்
சுண்ணாம்புக் காரை விட்டுப்போகும்.
விடிந்ததும் ஒவ்வொன்றாக உருவலாம்,
உடையாமல்.
கூரைக்கும் மரத்துக்கும் யார் அழுதார்கள்?
செங்கல் மட்டும் லாரி ஏறித் தெற்கே போகும்.
ஹூஸ்டன் பக்கம்.
பணக்காரர்களுக்குப் பழைய செங்கல் பிடிக்குமாம்.”

நான் ஹூஸ்டன் பக்கம்.

எங்கள் வரவேற்பறையில் கணப்புக்கு மேலே
கூரை வரைக்கும் சிவந்த சுவர்.
கட்டி முடித்த வருடம் எனக்கு ஏழு வயது.
விருந்துக்கு வந்தவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள் அம்மா.
புதுச் செங்கலில் இந்த நிறம் வராது என்பாள்.
சோபாவுக்குப் பின்னால் ஒரு கல்லில் மட்டும் கரி;
ஆணியால் சுரண்டினேன், போகவில்லை.
“விடு, அதுதான் அழகு. அதற்குத்தான் கூடுதல் விலை.”

எந்த ஊர்க் கல், எந்தத் தெருக் கல்,
ரசீதில் இராது.
ஆதாரமில்லாததை ஆய்வில் சொல்லக் கூடாது.
வெர்லீனிடமும் சொல்லவில்லை.
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.
வேண்டும் என்றேன்.
குடித்தேன்.

கடைசிக் கட்டம்: குறிப்பு, நாற்பது எழுத்துக்குள்.
பூஜ்யத்தை அடித்தேன்.
வேறு எண் இல்லை. மறுபடியும் போட்டேன்.
பக்கத்தில் எழுதினேன்:
புல் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியவர்
அங்கே கட்டம் முடிந்துபோனது.
விளிம்பில், கணினி படிக்காத வெள்ளையில்,
அவள் பெயர்.

கயிற்றை இரண்டு தரம் இழுத்தாள்.
மூன்றாவதில் இயந்திரம் பிடித்துக்கொண்டது.
புல்லுக்கடியில் இன்னும்
அரைச் செங்கல், கால் செங்கல்,
லாரி வேண்டாமென்று விட்டுப்போனவை.

“அந்தப் பக்கம் நில்,” என்று கத்தினாள்.
“கல் தெறிக்கும்.”